ஏழாம் படுக்கைக்கு வேண்டியவள்

அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுக்குக் காதுக்காரி என்று பேர். பத்துப் படுக்கைகள். ஒவ்வொரு படுக்கையைச் சுற்றியும் நாலைந்து கருவிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் மாதம் வீட்டுக்குப் போனாலும் அது காதுக்குள் அடித்துக்கொண்டே இருக்கும். அவள் மருந்து கலக்கிக்கொண்டே, தலையைத் திருப்பாமல், நாலாம் படுக்கைக்குக் குழாயில் சளி நிற்கிறது என்பாள். போய்ப் பார்த்தால் நிற்கும். டாக்டர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்வதை அக்கா பிறக்கும்போதே மாட்டிக்கொண்டு வந்துவிட்டது என்பான் நெட்டை. அவன் அங்கே ஆண் செவிலி. உயரத்துக்கு ஏற்ற வாய்.

அந்தக் காது வீட்டில் ஓர் இருமலைத் தவறவிட்டது.

அவள் கணவர் பேக்கரியில் மாஸ்டர். மாவுத் தூசி அவரை விட்டுப் போனதே இல்லை. புருவத்தில் இருக்கும், காது மடலில் இருக்கும், எவ்வளவு குளித்தாலும் கால் விரல் இடுக்கில் இருக்கும். இருமலும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் அவள் மருந்து வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். அது நோய் இல்லை, தொழில் என்று அவர் சொல்லிவிட்டார். படியில் இருமல் கேட்டால் அவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். கேட்டுக் கேட்டுக் கேட்காமல் போய்விட்டது.

இரண்டு பேருக்கும் நேரம் பொருந்தாத வேலை. அவர் அடுப்பு மூட்டப் போகும்போது அவள் தூங்குவாள். அவள் வேலை முடிந்து வரும்போது அவர் தூங்குவார். நின்று பேசுகிற குடும்பம் இல்லை அது. அவர் மேசை மேல் ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் படுப்பார். அவள் அவருடைய மேல்துணியைத் துவைத்துத் தேய்த்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டுப் போவாள். கோபம் என்றால் ரொட்டி இருக்கும், சுற்றிய துணி இருக்காது. அவளுக்குக் கோபம் என்றால் மேல்துணி துவைத்திருக்கும், தேய்த்திருக்காது. வாய் திறந்து சண்டை போட்டதாக அக்கம்பக்கத்தில் யாரும் சொல்ல முடியாது. இப்படியே நன்றாகத்தான் ஓடியது.

ஒரு நாள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் நாலு நாளாக இருந்திருக்கிறது. அனலில் நிற்கிறவனுக்கு உடம்பு சுடாமல் என்ன செய்யும் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிச் சமாளித்திருக்கிறார். ரொட்டி ஏற்றிப் போகிற வண்டியிலேயே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கீழே அவசரப் பிரிவில் பார்த்து, மூச்சுக் குழாய் போட்டு, மேலே அனுப்பினார்கள்.

அப்போது அவள் வேலையில் இருந்தாள். தள்ளுவண்டி சத்தம் கேட்டதும் ஏழாம் படுக்கையைத் தயார் செய்தாள். வென்டிலேட்டரைப் போட்டாள், திரையை விலக்கினாள், கையுறையை மாட்டினாள். வண்டி உள்ளே வந்தது. கால்மாட்டில் நின்றவளுக்கு முதலில் கால்தான் தெரிந்தது. விரல் இடுக்கில் வெள்ளையாக மாவு.

அவள் கத்தவில்லை, விழவில்லை. ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லி, மற்றவர்களோடு சேர்ந்து விரிப்பைப் பிடித்து அவரைப் படுக்கைக்கு மாற்றினாள். மானிட்டர் ஒயர்களை ஒட்டினாள். அதற்குப் பிறகுதான், கொஞ்சம் யாராவது வர முடியுமா, இது எங்க வீட்டுக்காரர் என்றாள்.

பிரிவுக்குப் பொறுப்பான மூத்த செவிலி, இன்சார்ஜ், வந்து அவள் கையிலிருந்த கையுறையைத் தானே கழற்றினாள். லீவு எழுதிக்கொள்கிறேன், ஏழாம் படுக்கையை டீச்சர் பார்ப்பாள் என்றாள்.

டீச்சர் என்பதும் பட்டப்பெயர்தான். அவள் வேறோர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், காதுக்காரியைவிட வயதில் ரொம்பச் சின்னவள். எதைச் செய்தாலும் சொல்லிவிட்டுச் செய்வாள். செய்த பிறகும் சொல்வாள். மருந்து ஏற்றும்போது பேரையும் அளவையும் உரக்கச் சொல்லி, பக்கத்தில் நிற்கிறவர் திருப்பிச் சொல்லும்வரை ஊசியை அமுக்க மாட்டாள். நினைவில்லாத நோயாளியிடமும், ஐயா இப்ப உங்க கையைத் தூக்கப் போறேன், துணி சில்லுன்னு இருக்கும் என்பாள். அவள் உள்ளே நுழைந்தாலே நெட்டை, எல்லாரும் சிலேட்டை எடுங்கப்பா என்பான்.

காதுக்காரிக்கு அது பிடிக்கவில்லை. அவளும் அவளோடு சேர்ந்த பழையவர்களும் பேசாமல் வேலை செய்கிறவர்கள். கையை நீட்டினால் கையில் வேண்டியது வந்து விழும். கண்ணைக் காட்டினால் எதிரே நிற்கிறவள் புரண்டுவிடும் நோயாளியைப் பிடித்துக்கொள்வாள். அங்கே ஒரு வழக்கமும் இருந்தது. மருந்து தீரப் போகிறது என்று சிரிஞ்ச் பம்பு மணி அடித்தால், யார் போய் மணியை நிறுத்துகிறாரோ அவர்தான் அடுத்த சிரிஞ்சைக் கொண்டு வருவார். யாரும் யாரையும் கேட்பதில்லை. அடித்த மணி நின்றுவிட்டதா, ஒருத்தர் மருந்து எடுக்கப் போயிருக்கிறார் என்று அர்த்தம். மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். எங்கும் எழுதி ஒட்டியதில்லை. வருஷக்கணக்காகப் பிசகியதும் இல்லை.

கண்ணால பேசத் தெரியாதவங்கதான் இவ்வளவு சத்தம் போடுவாங்க என்று அவள் ஒரு தரம் டீச்சரின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். சரிக்கா என்றுவிட்டு டீச்சர் அடுத்த மருந்தையும் உரக்கச் சொல்லித்தான் ஏற்றினாள்.

இப்போது அந்தச் சத்தத்தைப் படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. மற்ற வீட்டாருக்குச் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் அனுமதி. அவளை யாரும் எழுப்பவில்லை. நம்ம ஆள்தானே.

நம்ம ஆள் என்பதால் வேறொன்றும் நடந்தது. யாரும் அவளிடம் எதையும் முழுதாகச் சொல்லவில்லை. சின்ன டாக்டர் வருவார். எக்ஸ்ரேவைத் தூக்கிப் பிடித்து, இடது பக்கம்தான் கொஞ்சம், உங்களுக்குத் தெரியுமே என்பார். அவள் தலையாட்டுவாள். கிட்னி ரிப்போர்ட் பாத்திருப்பீங்க என்பார். பார்த்திருந்தாள். எல்லா எண்ணும் பார்த்திருந்தாள். வேறு யாருடைய படுக்கை என்றால் எண்களை ஒரு பார்வை பார்த்ததும் கூட்டுத்தொகை மனசில் விழுந்துவிடும். இந்த ஆளுக்கு அது விழவே இல்லை. ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக நின்று அவளை முறைத்தது.

வெளியே போனால் தொலைபேசி. அவர் பக்கத்துச் சொந்தம், அவள் பக்கத்துச் சொந்தம், பேக்கரி முதலாளி. எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். நீ இருக்கும்போது எங்களுக்கென்ன பயம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வைத்துவிட்டார்கள்.

நாத்தனார் மட்டும் வைக்கிற ரகம் இல்லை. அவருடைய தங்கை அவள். தையல் கடை வைத்திருக்கிறாள். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு, அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து அப்படியே வருவாள். அண்ணன் தலைமாட்டில் நின்று, அவர் முகத்தில் ஒட்டியிருக்கும் நாடாக்களையும் குழாயையும் பார்ப்பாள். தையல் சரியில்லாத சட்டையைப் பார்ப்பது போல இருக்கும் அந்தப் பார்வை. இவ்வளவு வருஷத்தில் இவன் வாயை மூட வைத்தது இந்த ஒரு குழாய்தான் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வராந்தாவில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நாத்தனார் பையிலிருந்து ரொட்டியும் வாழைப்பழமும் எடுத்தாள். அண்ணி சாப்பிடுகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பேக்கரியில் அவருக்குப் பதிலாக யாரோ ஒருவனைப் போட்டிருக்கிறார்கள், ரொட்டி செங்கல் மாதிரி இருக்கிறது, கடிக்கும்போது பல்லைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றாள். பிறகு கேட்டாள்.

"அண்ணன் பிழைச்சுக்குவானா அண்ணி?"

"பிரஷர் மருந்து குறைச்சிட்டு வர்றாங்க. ஆக்சிஜன் தேவை நேத்தைவிடக் கம்மி."

"மருந்தைக் கேக்கல. அண்ணனைக் கேக்கறேன்."

அவள் ரொட்டியைப் பிய்த்தாள். அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது. எங்களால முடிஞ்சதை எல்லாம் செய்யறோம், நம்பிக்கையா இருங்க. இதே வராந்தாவில் எத்தனையோ பேரிடம் சொன்ன பதில். வாய்வரை வந்தது. அவர் தங்கையிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

"நீ சொல்லிட்டா நான் பாட்டுக்குப் போய்த் தைப்பேன். உனக்குத் தெரியாததா?" என்றாள் நாத்தனார்.

தெரியல என்று சொல்லியிருக்கலாம். நல்லா ஆயிடுவாரு என்றாள். நாத்தனார் அதை முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பாரமும் இவள் தலையில் ஏறியது.

மறுநாள் மத்தியானம். சாப்பாட்டு வேளை. செவிலிகளில் பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். டீச்சர் ஏழையும் எட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் படுக்கைக் கிழவரின் மூச்சுக்குழாயிலிருந்து சளியை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். தாத்தா, இருமல் வரும், வந்தா நல்லது, அடக்காதீங்க என்று திரைக்கு அப்பால் அவள் குரல் கேட்டது. ஜன்னல் கண்ணாடியில் மழை விழுந்து வழிந்தது. காதுக்காரி நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்திருந்தாள். ரொம்ப நாள் தூக்கம் பாக்கி.

பம்பு மணி அடித்தது.

அவளுக்கு விழிப்பு வருவதற்கு முன்பே கை போய்விட்டது. பட்டனை அமுக்கினாள். சத்தம் நின்றது. சிரிஞ்சில் கொஞ்சம்தான் இருக்கிறது. பிரஷர் மருந்து. அவருடைய ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருப்பது அது ஒன்றுதான். எழுந்தாள். மருந்து அலமாரிப் பக்கம் நாலடி வைத்தாள். அவளுக்கு எந்தத் தட்டில், எந்த மூலையில் இருக்கிறது என்று இருட்டிலும் தெரியும்.

"ஏம்மா, வீட்டு ஆளுங்க இந்தப் பக்கம் வரக் கூடாது."

தரை துடைக்கிற அம்மா. குனிந்து துடைத்துக்கொண்டிருந்தவள் காலை மட்டும் பார்த்துச் சொன்னாள். நிமிர்ந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்காவா, டிரஸ்ஸைப் பாத்து ஏமாந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க என்றாள்.

பரவாயில்ல, நீங்க சொன்னது சரிதான் என்று காதுக்காரி சிரித்தாள். முகம் சூடாகிவிட்டது. அலமாரிக் கண்ணாடியில் வீட்டு உடுப்போடு ஒருத்தி நின்றாள். தலை வாரவில்லை, ஒரு பக்கக் காலர் மடிந்திருந்தது. அவள் திரும்பி நடந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தச் சிரிப்பிலும் கூச்சத்திலும் சிரிஞ்ச் நினைவிலிருந்து நழுவிவிட்டது. தான் இங்கே யார் என்று யோசித்தபடி அவர் போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டாள்.

திரைக்கு அப்பால் டீச்சர் மணி அடித்ததைக் கேட்டாள். நின்றதையும் கேட்டாள். யாரோ எடுக்கப் போயிருக்கிறார்கள். இங்கே வந்த பிறகு அவளுக்கும் அந்த வழக்கம் பழகியிருந்தது. கிழவரின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அது பழைய பம்பு. ஒரு தரம் வாயை அடைத்தால் முழுக்கத் தீர்ந்தாலும் திறக்காது.

அடுத்து அடித்தது மானிட்டர். அந்த மணி வேறு. பிரிவில் இருந்தவர்கள் எல்லாரும் தலையைத் தூக்குகிற மணி. காதுக்காரி நிமிர்ந்து பார்த்தாள். நூறுக்கு மேல் இருந்த எண் அறுபதில் நின்றது. பார்க்கும்போதே ஐம்பத்தைந்தானது. அவர் முகத்திலிருந்து யாரோ நிறத்தைத் துடைத்து எடுப்பது போல இருந்தது. அவள் எழுந்து நின்றாள். கை எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தெரியவில்லை.

திரை விலகியது. டீச்சர் ஓடி வரவில்லை, வேகமாக வந்தாள். ஒரே பார்வையில் பம்பைப் பார்த்துவிட்டாள்.

"ஏழாம் பெட். பிரஷர் ஐம்பத்தஞ்சு. பிரஷர் மருந்து தீர்ந்திருச்சு. நெட்டை, புது சிரிஞ்ச் நீங்க எடுங்க. டாக்டரைக் கூப்பிடுங்க யாராவது."

"புது சிரிஞ்ச் நான் எடுக்கறேன்," என்றது நெட்டையின் குரல். அதில் கேலி இல்லை.

"டாக்டரை நான் கூப்பிடறேன்," என்று இன்னொரு குரல்.

டீச்சர் கட்டிலின் கால்மாட்டைத் தூக்கினாள். அதையும் சொல்லிக்கொண்டே தூக்கினாள். கைகள் நிற்கவே இல்லை. நடுவில் காதுக்காரியைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க அவர் கையைப் பிடிச்சுக்கோங்க."

அவள் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. சுடுசட்டி பட்டுப் பட்டுத் தடித்த விரல்கள். நெட்டை சிரிஞ்சோடு வந்தான். மருந்தின் பேரைச் சொன்னான், அளவைச் சொன்னான். டீச்சர் திருப்பிச் சொன்னாள். மாட்டினாள். ஓடுது என்றாள். ஓடுது என்று அவன் சொன்னான். எல்லாரும் அந்த எண்ணைப் பார்த்தார்கள். காதுக்காரி மட்டும் பார்க்கவில்லை. அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலத்திலிருந்து அது மெல்ல வேறு நிறத்துக்கு வந்தது.

எழுபத்தஞ்சு என்றாள் டீச்சர். தொண்ணூறு. கொஞ்சம் கழித்து, நூத்தி அஞ்சு.

சின்ன டாக்டர் வந்து கண் பாப்பாவில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நல்லவேளை, ரொம்ப நேரம் ஆகவில்லை என்றார். முதல் மணி அடிக்கலையா என்று கேட்டார். பம்புல ஏதோ கோளாறா இருக்கலாம், பழசு என்றான் நெட்டை. சொல்லும்போது அவன் காதுக்காரியைப் பார்க்கவில்லை. அவன் நல்லவன். ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

அவள் நினைத்திருந்தால் அந்தக் கதவு வழியாகப் போயிருக்கலாம். போகாவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். இந்த நாற்காலி போய்விடும். சாயங்காலம் கொஞ்ச நேரம், மற்றவர்களோடு வரிசையில் நின்று, கண்ணாடி வழியாக. நடுவில் அவருக்கு ஏதாவது ஆனால் அவள் வராந்தாவில் இருப்பாள்.

"மணி அடிச்சுது," என்றாள். "நான்தான் நிறுத்தினேன். நிறுத்திட்டு மறந்துட்டேன்."

மழைச் சத்தம் கேட்டது.

இன்சார்ஜ் எல்லாரையும் மருந்து மேசைப் பக்கம் அழைத்தாள். இரண்டு பேரைப் படுக்கைகளைப் பார்க்கச் சொல்லிவிட்டு மீதிப் பேரைச் சுற்றி நிற்க வைத்தாள். காதுக்காரியையும் நிற்க வைத்தாள். யாரையும் திட்டுவதற்கு இல்லை, நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள் என்றாள். காதுக்காரி சொன்னாள். கண் அயர்ந்தது, கை போனது, எழுந்து போனது. துடைக்கிற அம்மாவை இழுக்காமல், பாதியில் திரும்பிவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். ஆனால் அந்த அம்மா துடைப்பத்தோடு ஓரமாக நின்றிருந்தாள். நான்தான் வழிமறிச்சேன், இவங்க போயிருந்தா எடுத்திருப்பாங்க என்று முன்னால் வந்தாள். அழுகிற நிலையில் இருந்தாள். நீங்க உங்க வேலையைச் சரியாத்தாம்மா செஞ்சீங்க என்று இன்சார்ஜ் அவளை உட்கார வைத்தாள்.

பிறகு டீச்சர் பேசினாள். மணி அடிச்சு நின்னுது, எனக்குக் கேட்டுது, யார் நிறுத்தினீங்கன்னு நான் ஒரு குரல் கொடுத்திருக்கணும், கொடுக்கல என்றாள். அது மட்டும் இல்லை என்றாள்.

"ஏழாம் பெட்டுன்னா எனக்கே ஒரு அலட்சியம் வந்திருச்சு. அக்கா பக்கத்துல இருக்காங்களே, அவங்க காதுக்குத் தப்பாதுன்னு. ஒரு நர்ஸ் அங்க உக்காந்திருக்கற மாதிரியே நான் நடந்துக்கிட்டேன்."

சின்ன டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் அப்படித்தான் என்றார். இத்தனை நாளா இவங்ககிட்ட ஒரு வாக்கியம் கூட நான் முடிச்சதில்ல.

இன்சார்ஜ் முடிவு சொன்னாள். இனி மணியை நிறுத்துகிறவர் வாயைத் திறந்து, இத்தனாவது பெட், நான் எடுக்கறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யாரும் போகவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நெட்டை, அப்ப நாங்க எல்லாரும் டீச்சராகணும் என்றான். ஆகு, உனக்கு ஒரு குறைச்சலும் வராது என்றாள் இன்சார்ஜ். பிறகு காதுக்காரியிடம் திரும்பினாள். நாற்காலியை எடுக்கச் சொல்லப் போகிறாள் என்று அவள் தயாரானாள்.

"நாற்காலி இருக்கட்டும். ஆனா பம்பு இருக்கற பக்கம் வேண்டாம். அந்தப் பக்கம் போட்டுக்கோ. அவர் முகம் தெரியற பக்கம்."

நாற்காலியை நெட்டைதான் தூக்கிப் போட்டான்.

வேலை மாறுகிற நேரம் வந்தது. அடுத்த செவிலியிடம் ஒப்படைக்கும்போது டீச்சர் ஒவ்வொரு குழாயாகக் கையால் தொட்டு, பையிலிருந்து அவர் உடம்புவரை விரலை ஓட்டி, இது இன்ன மருந்து, இவ்வளவு வேகம் என்று சொல்வாள். எதிரே நிற்கிறவள் திருப்பிச் சொல்வாள். அதை முடித்துவிட்டு அவள் வீட்டுக்குக் கிளம்பவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து காதுக்காரிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, ஏழாம் பெட்டுக்கு வேண்டியவங்ககிட்ட இன்னைக்கு நிலைமையைச் சொல்லணும். சொல்லட்டுமா?"

"சொல்லு."

ஒன்றுமே தெரியாதவளிடம் சொல்வது போலச் சொன்னாள். நுரையீரல் இரண்டிலும் கிருமி, இடது பக்கம் அதிகம். மூச்சு விடுகிற வேலையில் முக்கால்வாசி மிஷின் செய்கிறது, கால்வாசி அவரே செய்கிறார். போன வாரம் அந்தக் கால்வாசி இல்லை. கிட்னி தடுமாறியது, இப்போது சிறுநீர் வருகிறது. மத்தியானம் பிரஷர் விழுந்ததால் மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்று பார்த்தோம், கூப்பிட்டால் இமையை அசைக்கிறார், அதனால் ஆகவில்லை என்று நினைக்கிறோம். ஒவ்வொன்றாகச் சொன்னாள். நிறுத்தி, புரிஞ்சுதாக்கா என்று கேட்டாள். எல்லாம் காதுக்காரிக்குத் தெரிந்த சங்கதி. ஆனால் இன்னொருத்தி வாயால் வரிசையாக வந்தபோது எண்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கி நின்றன. ஒரு நோயாளி தெரிந்தார். அவள் வீட்டுக்காரர் தெரிந்தார்.

"ஏதாவது கேக்கணுமா?" என்றாள் டீச்சர்.

இந்தப் பிரிவுக்கு வந்த எல்லா மனைவிமாரும் கேட்டதையே காதுக்காரியும் கேட்டாள்.

"பிழைச்சுக்குவாரா?"

"தெரியலக்கா. நேத்தைவிட இன்னைக்கு எனக்கு நம்பிக்கை இருக்கு. பயமும் இன்னும் போகல. ரெண்டுமே இருக்கு. எது கூடினாலும் உங்ககிட்ட வந்து சொல்வேன்."

காதுக்காரிக்கு உதடு கோணிக்கொண்டது. அடக்கப் பார்த்தாள். கண் தன்னால் மானிட்டர் பக்கம் போயிற்று. அழுகிற நேரத்தில் அதை யார் பார்ப்பது என்கிற பழக்கம்.

"அழுங்க," என்றாள் டீச்சர். "அதை நான் பாத்துக்கறேன்."

அவள் அவர் கைமேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமாகத்தான் அழுதாள். இருமலைக் கேட்காமல் போனேனே என்று நடுவில் சொன்னாள். டீச்சர் தேற்றவில்லை, தப்பு இல்லை என்றும் சொல்லவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒரு கையை மட்டும் அவள் முதுகில் வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் நாத்தனார் வந்தபோது, அவளை வராந்தாவில் உட்கார வைத்து, நேற்று நான் சொன்னது தெரிந்து சொன்னதில்லை என்றாள். மத்தியானம் நடந்ததைச் சொன்னாள். நம்பிக்கையையும் பயத்தையும் சொன்னாள். நாத்தனார் கழுத்து நாடாவை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். திட்டுவாள் என்று இவள் காத்திருந்தாள். நாத்தனார் கடைசியில், அப்ப நான் இங்கேயே ராத்திரி இருக்கேன், நீ வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் தூங்கு, ரெண்டு பேரும் தூங்காம இருந்து யாருக்கு லாபம் என்றாள். நேத்தே சொல்லியிருந்தா நேத்தே வந்திருப்பேன்ல, பெரிய மனுஷி மாதிரி நீ மட்டும் உக்காந்திருந்தே என்றாள். அதுதான் திட்டு.

வீட்டில் படுத்தவள் எழுந்திருக்கும்போது நன்றாக விடிந்திருந்தது.

அதற்குப் பிறகு அவர் ஒரே நேராக ஏறிவிடவில்லை. ஒரு நாள் காய்ச்சல் திரும்பியது. ஒரு நாள் மிஷினைக் குறைத்துப் பார்த்து மறுபடியும் கூட்ட வேண்டி வந்தது. இரண்டு தடவையும் டீச்சர் வந்து, பயம் கூடியிருக்கு என்று சொன்னாள். அவளுக்கு லீவு நாளில் வேறொருத்தி வந்து அதே மாதிரி உட்கார்ந்து சொன்னாள். பிரிவில் சத்தம் கூடிவிட்டது. மூணாம் பெட், நான் எடுக்கறேன். ஒன்பதாம் பெட், நான் எடுக்கறேன். நெட்டை அதை ராகம் போட்டுச் சொன்னான். காதுக்காரி எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பல வருஷமாக அவரை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. எப்போது பட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்று வைத்துக்கொண்டாள்.

ஒரு காலையில் குழாயை எடுத்தார்கள். டாக்டர் ஒரு பக்கம், டீச்சர் ஒரு பக்கம். நெட்டை தலைமாட்டில். ஒவ்வொருவரும் தான் செய்வதைச் சொல்லிக்கொண்டு செய்தார்கள். இப்ப நாடாவை எடுக்கறேன் ஐயா. இப்ப குழாய் வரும், நல்லா இருமுங்க. அவர் இருமினார். ஆக்சிஜன் முகமூடியை மாட்டினார்கள். காதுக்காரியை அவர் கண்ணுக்கு நேராக நிற்க வைத்திருந்தார்கள். நின்று பார்ப்பது மட்டும்தான் வேலை. அதுவே பெரிய வேலையாக இருந்தது.

எல்லாரும் போன பிறகு அவர் கண்ணைத் திறந்து அவளைத் தேடினார். உதடு வெடித்திருந்தது. குரல் காகிதம் உரசுகிற மாதிரி வந்தது.

"தண்ணி."

கொடுக்கலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியும். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும், தொண்டை விழுங்குகிறதா என்று எப்படிப் பார்க்க வேண்டும், முதலில் எத்தனை சொட்டு என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள். "சிஸ்டரைக் கேட்டுட்டு வர்றேன்."

அவர் புரியாமல் பார்த்தார். நெற்றி சுருங்கியது. ரொம்பச் சிரமப்பட்டு மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்.

"நீதானே சிஸ்டர்."

"உங்களுக்கு இல்லீங்க," என்று அவர் கன்னத்தைத் தடவிவிட்டு, கேட்கப் போனாள்.